கத்தரி வெயிலில் முள்ளுக் கத்தரி!

மே மாசம் லீவு விட்டதும் நீங்க என்ன செய்வீங்க? காசு இருந்தா ஊட்டி, கொடைக்கானல். இல்லேன்னா ஃபேனுக்கு நேர் கீழே பாயைப் போட்டு மல்லாந்துடுவீங்க. புத்தியுள்ள யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அக்னி நட்சத்திரம் பொறி பறக்கிற நேரத்துல, பையைத் தூக்கிக்கிட்டு வேலூருக்குக் கிளம்பினேன்!

"எங்க ஊர்ல ரெண்டே சீஸன்தான் மச்சி. ஒண்ணு வெயில் காலம், இன்னொண்ணு ரொம்ப வெயில் காலம்" என்று ரூம்மேட் முன்னாடியே எச்சரித்தான். கூப்பிட்டதும் அவன்தான்!

எல்லாம் ஒரு கத்தரிக்காயில் ஆரம்பித்த வம்பு. ஹாஸ்டல் மெஸ்ஸில் வாரத்துக்கு நாலு நாள் கத்தரிக்காய் வரும். அதை உங்க ஹாஸ்டலிலும் பார்த்திருப்பீங்க. தோல் ஒரு பக்கம், விதை ஒரு பக்கம் மிதக்கும் கறுப்புக் கூழ். நான் அதைத் தட்டு ஓரத்துக்குத் தள்ளிவைப்பதை மூணு செமஸ்டரா பார்த்துக்கிட்டே இருந்தவன், ஒருநாள் பொங்கிட்டான். "டேய், எங்க ஆயா கொல்லையில காய்க்கிற முள்ளுக் கத்தரிக்காயை ஒரு தடவை சாப்பிட்டுட்டு, அப்புறம் பேசு!"

சவால்னு வந்துட்டா விட முடியுமா? கிளம்பியாச்சு!

தண்ணியில்லாத ஆறு

சென்னை சென்ட்ரலில் ரயில் ஏறினால் காட்பாடி சுமார் 130 கிலோமீட்டர். ரெண்டு மணி நேரம். ஜன்னல் ஓரம் கிடைச்சா யோகம்தான், ஆனா உள்ளே வர்றது காத்து இல்லை, அடுப்பு ஊதுற மாதிரி அனல். காட்பாடியில் இறங்கி வேலூர் டவுனுக்குப் போகும் வழியில் ஒரு நீளமான பாலம் வரும். கீழே எட்டிப் பாருங்க... மணல், மணல், மணல். அதுதான் பாலாறு.

வேலூரைப் பத்தி அந்த ஊர்க்காரங்களே சொல்லிச் சிரிக்கிற ஒரு பழைய கேலி உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு! கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் பல காலமாக மூலவர் இல்லாமலே இருந்தது. 1981-ல் சாமியைத் திரும்பக் கொண்டுவந்து வெச்சுட்டாங்க. அதனால கேலியில் ஒரு பகுதி காலாவதி. ஆறும் சும்மா இல்லை. 2021 நவம்பரில் இந்த மணல் தெரியாத அளவுக்குக் கரை புரண்டு ஓடியிருக்கு. "அன்னிக்குப் பாலத்து மேல நின்னு ஊரே வேடிக்கை பார்த்துச்சுடா" என்றான் நண்பன். ஆனா மே மாசத்தில் நீங்க பார்த்தா, அந்தக் கதையை நம்பவே மாட்டீங்க.

டவுனில் இருந்து அணைக்கட்டு பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினோம். வேலூருக்குத் தென்மேற்கே, தூரத்தில் ஜவ்வாது மலை நீலக் கோடாகத் தெரியும் பகுதி அது. அந்தத் தாலுக்காவில்தான் இலவம்பாடி இருக்கு. முள்ளுக் கத்தரிக்காய்க்கே தலைநகர்! 'வேலூர் முள்ளுக் கத்தரிக்காய்'னு 2023-ல் புவிசார் குறியீடு வாங்கினது இந்தக் காய்தான். அதே வருஷம்தான் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கும் குறியீடு கிடைச்சது. ஒரு மாவட்டத்துக் குழம்புக்கு மிளகாயும், இன்னொரு மாவட்டத்துக் குழம்புக்குக் காயும்னு வெச்சுக்கலாமே!

நண்பனின் ஊர், இலவம்பாடியில் இருந்து கூப்பிடு தூரம். பஸ்ஸை விட்டு இறங்கி, புளியமரத்து நிழலை ஒவ்வொண்ணா பிடிச்சுக்கிட்டு நடந்து, வீட்டுக்குப் போய்ச் சேரும்போது சாயங்காலம் ஆகிடுச்சு. வாசலில் ஆயா. வேலூர்ப் பக்கம் பாட்டியை ஆயான்னுதான் கூப்பிடுவாங்க. என்னை மேலும் கீழும் பார்த்துட்டுச் சொன்ன முதல் வார்த்தை: "இன்னா கண்ணு, இப்டி எலிக்குஞ்சாட்டம் கீறே? அந்த ஆஸ்டல்ல சோறு போடறாங்களா இல்லியா?"

குத்தும்... ஆனா கூப்பிடும்!

மறுநாள் காலை ஆறு மணிக்கே ஆயா எழுப்பிவிட்டாங்க. "வெயில் ஏறிச்சின்னா கொல்லைக்குப் போவ முடியாது. வா."

வீட்டுக்குப் பின்னால் ஒரு பேட்மின்டன் கோர்ட் அளவு இடம். அவ்வளவுதான். அதுக்குள்ளே என்னவெல்லாம் இருந்ததுன்னு கேளுங்க. மூலையில் முருங்கை. வேலியோரம் கொத்தவரை. கயிறு கட்டிய பந்தலில் பாகலும் சுரையும். நாலு பாத்தி நிறைய முளைக்கீரை. பச்சை மிளகாய், வெண்டை, கறிவேப்பிலை. காய் தொங்கும் ஒரு மாமரம். குளிக்கிற இடத்துத் தண்ணியும், பாத்திரம் கழுவுற தண்ணியும் ஒரு சின்ன வாய்க்கால் வழியா நேரா கத்தரிப் பாத்திக்குப் போகுது. ஒரு சொட்டு வீணாகலை. நாம ஷவரைத் திறந்துவிட்டுட்டுப் பாட்டுப் பாடுற ஆளுங்க இல்லையா... கொஞ்சம் குற்ற உணர்ச்சியா இருந்தது.

நடுநாயகமா பத்துப் பன்னிரண்டு முள்ளுக் கத்தரிச் செடிகள். பேரைச் சும்மா வைக்கலைங்க! தண்டில் முள், இலையில் முள், காயின் தலையில் தொப்பி மாதிரி இருக்கே அந்தப் பச்சைக் காம்பு, அதிலும் முள். "பறிச்சுப் பாரு" என்றான் நண்பன், வில்லன் சிரிப்போடு. பறித்தேன். கத்தினேன். ரெண்டு விரலில் ரத்தம்!

ஆயா எப்படிப் பறிக்கிறாங்கன்னு பார்த்தேன். காம்பைத் தொடவே இல்லை. காயைக் கீழே இருந்து உள்ளங்கையில் ஏந்தி, ஒரு சின்னத் திருப்பு. டக்னு கையோட வந்துடுது. அப்படியே நடந்துக்கிட்டே, நுனி வாடித் தொங்கும் கொழுந்தைக் கண்டால் கிள்ளி, காலால் நசுக்கிட்டுப் போறாங்க. ஏன்னு கேட்டேன். பிரிச்சுக் காட்டினாங்க. உள்ளே ஒரு குட்டிப் புழு சுகமாகக் குடியிருக்கு! தண்டைத் துளைக்கும் இதே புழுதான் அப்புறம் காய்க்குள்ளேயும் போகும். இப்பவே கிள்ளிட்டா, காய் தப்பிக்கும். மருந்தும் இல்லை, மாத்திரையும் இல்லை.

நான் செஞ்ச உதவி

இங்கேதான் நம்ம ஆர்வக்கோளாறு வேலையைக் காட்டினது. ஆயா கீரை கிள்ளப் போன நேரத்தில், நாமளும் ஏதாவது உதவி செய்வோமேன்னு கத்தரிச் செடிகளைச் சுத்தி வந்தேன். ஓரமா இருந்த ஒரு செடியில், இலைக்கு அடியில் ஒளிஞ்சுக்கிட்டு ஒரு காய். மத்ததை விட ரெண்டு மடங்கு பெருசு! அடிப்பக்கம் லேசா மஞ்சள் தட்டியிருந்தது. காம்பில் ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தாங்க. திருஷ்டிக்குக் கட்டியிருப்பாங்கன்னு நினைச்சேன். இப்போதான் கத்துக்கிட்ட வித்தை... உள்ளங்கையில் ஏந்தி, ஒரு திருப்பு. டக்!

ஜெயிச்ச கப்பைத் தூக்கிட்டு வர்ற கேப்டன் மாதிரி அதை ஆயாகிட்டே கொண்டு போனேன். ஆயா என் கையைப் பார்த்தாங்க. ஒண்ணும் சொல்லலை. காயை வாங்கி, முந்தானையில் துடைச்சு, அரிவாள்மணையில் வெச்சு ரெண்டா பிளந்தாங்க. உள்ளே விதை எல்லாம் இருந்தது, ஆனா வெள்ளை வெளேர்னு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு, "ரெண்டுங்கெட்டான். இது கொழம்புக்கும் ஆவாது, வெதைக்கும் ஆவாது" என்று சொல்லி, மாட்டுத் தொட்டியில் போட்டுட்டு உள்ளே போயிட்டாங்க.

நண்பன் முகம் தொங்கிப் போச்சு. "அது விதைக்காய்டா. நூல் கட்டியிருந்தா கை வைக்கக் கூடாது. இந்த வருஷம் விதைக்குன்னு மூணு காய் விட்டிருந்தாங்க. ஒண்ணைப் புழு அரிச்சிடுச்சு. ஒண்ணு இருந்த செடி வெயில்ல காய்ஞ்சுடுச்சு. இதுதான் மிச்சம்."

"பக்கத்து வீட்டுல விதை கேட்டு வாங்கிக்கலாமே?"

"பாதிப் பேர் இப்போ நர்சரியில குழித்தட்டு நாத்து வாங்கித்தான் நடறாங்க. அதுவும் இல்லாம... இது ஆயா கல்யாணமாகி வந்தப்போ அவங்க அம்மா முந்தானையில முடிஞ்சு கொடுத்த விதை. அதுலேருந்து வருஷா வருஷம் எடுத்து எடுத்து வெச்சதுதான்."

எனக்குத் தொண்டையில் முள் குத்தின மாதிரி இருந்தது. வயசானவங்க ரெண்டு திட்டு திட்டிட்டா நமக்கு நிம்மதி. திட்டாம இருந்தா எங்கே போய் முட்டிக்கிறது, சொல்லுங்க?

களியை மெல்லாதீங்க!

ஆனா மத்தியானச் சாப்பாடு நிற்கலை. அதுதான் ஆயா!

வேலூர்ப் பக்கம் கேழ்வரகுக் களியும் கத்தரிக்காய்க் குழம்பும் சேர்ந்தா, பிரியாணியே வழிவிட்டு நிற்கும். (ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்க என்ன வைப்பாங்க? கத்தரிக்காய்! இந்த வட்டாரத்தில் அதுகிட்டே இருந்து தப்பிக்கவே முடியாது.) களி கிண்டறதைப் பார்க்கிறதே ஒரு ஸ்போர்ட்ஸ் மேட்ச். அரிசி நொய் குழையக் கொதிக்கும் பானையில், கேழ்வரகு மாவை மலை மாதிரி கொட்டி, கிளறாமல் அப்படியே வேக விடுறாங்க. அப்புறம் துடுப்பைப் போட்டு, பானையைக் காலால் அணைச்சுக்கிட்டு, கட்டி தட்டாம ஒரு கிண்டு கிண்டினாங்க பாருங்க... ஜிம்முக்குப் போற நம்ம பசங்க யாராவது ரெண்டு நிமிஷம் அப்படிக் கிண்டினா, மூணாவது நாள் எக்ஸாம் எழுதக் கை வராது!

குழம்புக்குக் காலையில் பறிச்ச கத்தரிக்காய். நறுக்கின உடனே தண்ணியில் போட்டுடணும், இல்லேன்னா காத்து பட்டுக் கறுத்துடும். கூடவே அதே கொல்லை முருங்கைக்காய், மாமரத்தில் இருந்து நாலு துண்டு மாங்காய். புளி கொஞ்சமா. வாசனை தெருமுனை வரைக்கும் போயிருக்கும். இன்னொரு சட்டியில் கொத்தவரங்காய்ப் பொரியல். கீரைக் கடையல். கடைசியில் ஊத்திக்க மண்பானை மோர், அதில் நசுக்கிப் போட்ட கறிவேப்பிலை. அரிசி, மாவு, புளி, உப்பு, எண்ணெய் தவிர எல்லாமே நாப்பது அடிக்குள்ளே விளைஞ்சது.

தட்டில் சுடச்சுட ஒரு களி உருண்டை. நான் வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தேன். பல்லோட பல் ஒட்டிக்கிச்சு! வீடே சிரிச்சது. நீங்க இந்தத் தப்பைச் செய்யாதீங்க. களியை மெல்லக் கூடாது. நடுவில் குழி பண்ணிக் குழம்பை ஊத்திக்கணும். விரலை நனைச்சுக்கிட்டு ஓரத்தில் இருந்து கொஞ்சமாக் கிள்ளி, குழம்பில் புரட்டி, அப்படியே வழுக்கி உள்ளே விடணும்.

இப்போ கத்தரிக்காய். மூணு செமஸ்டரா நான் ஓரம் தள்ளின அதே கத்தரிக்காய். வாயில் வெச்சதும் வெண்ணெய் மாதிரி கரைஞ்சது. விதை நெருடவே இல்லை. கசப்பு இல்லை, துவர்ப்பு இல்லை. பிஞ்சா, பறிச்ச நாலு மணி நேரத்துக்குள்ளே குழம்பானதோட ருசி அது. மாங்காய்ப் புளிப்பும் அந்த இனிப்பும் சேர்ந்து... வேண்டாம், இதுக்கு மேலே சொன்னா உங்க மெஸ்ஸில் இன்னிக்கு ராத்திரி நீங்க சாப்பிட மாட்டீங்க.

மூணு உருண்டை உள்ளே போச்சு. வெளியே தார் ரோடு உருகுற வெயில். உள்ளே வயிறு ஜில்லுன்னு இருந்தது. ஆனா மனசு மட்டும் மாட்டுத் தொட்டியிலேயே கிடந்தது.

சாப்பிடாம விட்ட காய்

சாப்பிட்டு முடிச்சதும் திண்ணையில் ஆயா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "தெரியாமப் பறிச்சிட்டேன் ஆயா..."

"செடி கீதில்ல? அதுல ஒரு பிஞ்சு வுட்டுகீது, நானும் பாத்தேன். பழுத்துச்சின்னா வெதை. தண்ணி ஊத்தணும், அவ்ளோதான்."

அப்புறம் அவங்க சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சது. நாம சாப்பிடற கத்தரிக்காய் எல்லாமே பிஞ்சு. நல்லாப் பழுத்து மஞ்சளாகி, தோல் தளர்ந்த பிறகுதான் விதை முத்தும். அதுக்கு ஒரு காயைச் செடியிலேயே வாரக்கணக்கா விட்டு வைக்கணும். அதுவும் இருக்கிறதிலேயே நோஞ்சான் காயை இல்லை. நல்ல செடியில், நல்ல காயை! நமக்குப் பசிக்கும்போது, கண் எதிரே தொங்கும் பெரிய காயைத் தொடாம இருக்கணும். அந்த வீட்டில் அம்பது வருஷத்துக்கும் மேலா யாரோ ஒருத்தர் சாப்பிடாம விட்ட காயால்தான் அன்னிக்கு என் தட்டில் குழம்பு.

உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், அல்லது பெரியவங்க சொல்லியிருக்கலாம். மரபணு மாற்றிய பி.டி. கத்தரிக்காய்க்கு 2009 அக்டோபரில் மத்திய அரசின் குழு பச்சைக்கொடி காட்டினப்போ, நாடு முழுக்கப் பெரிய விவாதம் நடந்தது. அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் பல நகரங்களில் மக்களிடம் நேரடியாகக் கருத்துக் கேட்டு, 2010 பிப்ரவரியில் அதை நிறுத்தி வெச்சார். பக்கத்து நாடான பங்களாதேஷில் 2014-ல் இருந்து பயிரிடறாங்க. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம்னு பட்டிமன்றம் நடத்த நான் வரலை. ஆனா ஒண்ணு. குறியீடு ஊருக்குப் பேர் வாங்கித் தரும், சட்டம் காவல் நிக்கும். விதையைக் காப்பாத்தறது மட்டும் ஒரு சிவப்பு நூலும், அதைப் பறிக்காத கையும்தான்.

மீதி மூணு நாளும் நான் என்ன செஞ்சேன்னு யூகிச்சிருப்பீங்க. வேலூர்க் கோட்டையையும் பார்த்தேன், 1806 சிப்பாய்ப் புரட்சி நடந்த இடத்தில் நின்னு போட்டோவும் எடுத்துக்கிட்டேன். ஆனா காலையிலும் சாயங்காலமும் ட்யூட்டி ஒண்ணே ஒண்ணு. அரிசி களைஞ்ச தண்ணி, காய் அலசின தண்ணி எல்லாத்தையும் பக்கெட்டில் சேர்த்து, அந்த ஓரத்துச் செடிக்கு. கிணத்தில் தண்ணி அடியில் போய், போர் மோட்டார் அரை மணி நேரம் ஓடினாலே பெரிய விஷயமா இருந்தது. கிளம்பும்போது பிஞ்சு, எலுமிச்சம்பழம் அளவு வந்திருந்தது. ஆயா ஒரு சிவப்பு நூலை என்கிட்டே நீட்டினாங்க.

"நீயே கட்டு."

கட்டினேன். முள் குத்தினது. சத்தம் போடலை.

பொட்டலம் வந்தது

காலேஜ் திறந்து, இன்டர்னல் எக்ஸாமும் முடிஞ்சது. தினமும் நண்பனை நச்சரிப்பேன். "காய் இருக்கா? மழை பெஞ்சுதா?" அவன் கேர்ள் ஃப்ரெண்டைக்கூட யாரும் அவ்வளவு விசாரிச்சிருக்க மாட்டாங்க. ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்குப் போயிட்டு வந்தவன், பையில் இருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் கட்டிலில் போட்டான். பிரிச்சேன். சாம்பல். சாம்பலுக்கு நடுவே மஞ்சளா, தட்டையா, குட்டிக் குட்டி விதைகள்!

நீங்களும் முயற்சி செய்யறதா இருந்தா, ஆயா சொல்லி அனுப்பின முறை இதுதான். நல்லாப் பழுத்து மஞ்சளான காயைப் பறிச்சு, பிளந்து, விதையைத் தண்ணியில் பிசையணும். மிதக்கிறதைக் கொட்டிடணும். அடியில் தங்கறதை எடுத்து, நேர் வெயில் படாம நிழலில் உலர்த்தணும். சாம்பல் கலந்து முடிஞ்சு வைக்கணும். விதைச்சு ஒரு மாசம் போல வளர்ந்ததும் நாத்தைப் பிடுங்கி நடலாம். நட்டு ரெண்டு மாசத்தில் காய் பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: கடையில் ஹைப்ரிட் விதை வாங்கிப் போட்டா, அதில் இருந்து எடுக்கிற விதை அம்மாச் செடி மாதிரியே வராது. இதுக்கு நாட்டு ரகம்தான் சரி.

வார்டன்கிட்டே கெஞ்சி, ஹாஸ்டல் மொட்டை மாடியில் ஓரமா இடம் வாங்கினோம். பழைய பெயின்ட் பக்கெட் அஞ்சு. மூணு செடி பிழைச்சது. மெஸ் அண்ணன் அரிசி களைஞ்ச தண்ணியை எடுத்து வெச்சிடுவார். இதுவரைக்கும் ஏழு காய் பறிச்சோம். ஏழு காயில் எத்தனை பேர் சாப்பிட முடியும்னு கேட்காதீங்க. எங்க விங்ல பதினோரு பேர் சாப்பிட்டோம். ஆளுக்கு ரெண்டு துண்டு! களிக்கு வழியில்லை, மெஸ் சாதம்தான். அதில் ஒருத்தன்கூட கத்தரிக்காயை ஓரம் தள்ளலை.

அடுத்த மே மாசம் ஹாஸ்டல் காலி. மாடியில் தண்ணி ஊத்த யாரும் இருக்க மாட்டாங்க. செடி காய்ஞ்சுடும், தெரியும். அதனாலதான் எட்டாவது காயை விட்டு வெச்சிருக்கோம். இருக்கிறதிலேயே பெரிய காய். காம்பில் சிவப்பு நூல்.

நேத்து சாயங்காலம் துணி காயப் போட வந்த ஃபர்ஸ்ட் இயர் பையன் ஒருத்தன், அதை உள்ளங்கையில் ஏந்திக்கிட்டு, "அண்ணா, இது செமயா இருக்கே, பறிக்கட்டுமா?" என்றான்.

நாலாவது மாடியில் இருந்து நான் போட்ட சத்தம், மெயின் கேட் வாட்ச்மேனுக்கே கேட்டிருக்கும்.

"டேய்... கையை எடுடா! அது விதைக்காய்!"